வங்கி மீது நானே வழக்குத் தொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் வீட்டுக் கடன் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாசகர்களின் பெயர்களும் கடன் நிறுவனங்களின் பெயர்களும் நீக்கப்பட்டுள்ளன. அடமானச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். ஆகவே ஒரு மாநிலத்துக்குச் சொன்ன பதிலை மற்றொரு மாநிலத்து வாசகர் அப்படியே தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கடனின் தவணைகளை வசூலிக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறியது. மாறிய சமயத்தில் பழைய நிறுவனத்துக்கு நான் அனுப்பிய இரண்டு மாதத் தவணைகளைப் புதிய நிறுவனம் வரவு வைக்கவில்லை. அதற்குப் பிறகு அனுப்பியவற்றையும், நிலுவை முழுவதையும் சேர்த்துக் கட்டவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. தொலைபேசியில் பலமுறை முறையிட்டும் பயனில்லை. இப்போது வீட்டை ஏலம் விடப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. வழக்கறிஞர்கள் கேட்கும் முன்பணம் என் சக்திக்கு மீறியது. கடன் கொடுத்த வங்கி, பழைய வசூல் நிறுவனம், புதிய வசூல் நிறுவனம், ஏலத்தை நடத்தும் சட்ட நிறுவனம் ஆகிய நால்வர் மீதும் நானே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாமா? வெற்றி வாய்ப்பு உண்டா? (ஒரு வாசகர், டெக்சாஸ்)

பதில்: தொடுக்கலாம். தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. இன்று அது கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் 1654-ஆம் பிரிவாக இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாதவர் எழுதும் மனுவைச் சற்றுத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் ஹெயின்ஸ் எதிர் கெர்னர் வழக்கில் கூறியது. பலர் இந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் களத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதே நீதிமன்றம் 1993-ல் மெக்நீல் வழக்கில், வழக்கறிஞர் இல்லை என்பதற்காகச் சாதாரண உரிமையியல் வழக்குகளின் நடைமுறை விதிகளை மீறுவதை மன்னிக்க வேண்டும் என்று தான் ஒருபோதும் சொன்னதில்லை எனத் தெளிவாக்கியிருக்கிறது. அதாவது, உங்கள் நடை கரடுமுரடாக இருந்தால் நீதிபதி பொறுத்துக்கொள்வார். கெடு தவறினால் பொறுத்துக்கொள்ளும் கடமை அவருக்கு இல்லை.

நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறேன். அதில் வங்கிகளின் பேராசையைப் பற்றி மூன்று பக்கங்கள் இருந்தன. எந்தத் தவணை எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற விவரம் ஓரிடத்தில்கூட இல்லை. உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும், ரெஸ்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, வசூல் பொறுப்பு மாறிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள், உரிய தேதிக்கு முன்பாகப் பழைய நிறுவனத்துக்குச் சென்றுவிட்ட தவணையைத் தாமதமானதாகக் கருதக் கூடாது. உங்கள் இரண்டு தவணைகளும் அந்த 60 நாட்களுக்குள் விழுந்தனவா என்பதை முதலில் வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொண்டு உறுதி செய்யுங்கள். விழுந்திருந்தால், அதற்குப் பின் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தாமதக் கட்டணம், நிலுவை, ஏல அறிவிப்பு எல்லாமே ஒரு தவறான பதிவின் மேல் கட்டப்பட்டவை என்று வாதிட உங்களுக்கு இடம் கிடைக்கிறது. 120 நாட்களுக்கு மேல் நிலுவை இருந்தாலொழிய ஏலத்துக்கான முதல் சட்ட அறிவிப்பையே கொடுக்கக் கூடாது என்று 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி ஒழுங்குவிதி சொல்வதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அந்த 120 நாள் எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

தொலைபேசியில் முறையிட்டது சட்டத்தின் கண்ணில் முறையீடே அல்ல. பிழையைச் சுட்டிக்காட்டும் கடிதத்தை எழுத்து வடிவில், அதற்கென நிறுவனம் அறிவித்துள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும். தவணை கட்டும் முகவரி பெரும்பாலும் வேறாக இருக்கும். தவணைச் சீட்டின் ஓரத்தில் எழுதி அனுப்பும் குறிப்பும் செல்லாது. உரிய முகவரிக்குப் போன கடிதம் கிடைத்ததை நிறுவனம் 5 வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்; பொதுவாக 30 வேலை நாட்களுக்குள் பிழையைத் திருத்த வேண்டும், அல்லது விசாரித்துப் பிழை இல்லை என்பதற்கான காரணத்தை எழுத வேண்டும். சில சூழல்களில் மேலும் 15 வேலை நாட்கள் நீட்டித்துக்கொள்ளலாம். கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்கு, சர்ச்சைக்குரிய அந்தத் தவணையை நிலுவை என்று, கடன் வாங்கியவர்களின் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் நிறுவனங்களிடம் தெரிவிக்கவும் கூடாது. இந்தக் கடிதத்தை இன்றே ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். நிறுவனம் சரியாகப் பதில் சொன்னால் பிரச்சினை அங்கேயே தீரலாம். சொல்லாவிட்டால், வசூல் நிறுவனத்தின் மீது கூட்டாட்சிச் சட்டப்படி நிற்கக்கூடிய ஒரு வழக்குக் காரணம் உங்கள் கைக்கு வருகிறது.

இனி நால்வரைப் பற்றி. எல்லோர் மீதும் வழக்குப் போடுவது பலம் என்று நினைக்கிறீர்கள், அது பலவீனம். ஒவ்வொரு பிரதிவாதியும் தனித்தனி வழக்கறிஞரோடு வந்து தனித்தனியாகத் தள்ளுபடி மனுப் போடுவார். அத்தனைக்கும் நீங்கள் ஒருவரே பதில் எழுத வேண்டியிருக்கும். வசூல் விதிகளை மீறியதற்கு ரெஸ்பாவின்படி பொறுப்பேற்க வேண்டியவை வசூல் நிறுவனங்கள். கடனை முதலில் கொடுத்துவிட்டு விற்றுவிட்ட வங்கிக்கும் இந்தத் தவணைக் குழப்பத்துக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. ஏலத்தை நடத்தும் சட்ட நிறுவனத்தைப் பொறுத்தவரை, நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் ஏலத்தை மட்டும் நடத்தித் தருபவர்களைக் கடன் வசூலிப்போர் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் கட்டுப்படுத்துவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒப்டஸ்கி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே பழைய, புதிய வசூல் நிறுவனங்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வதே உசிதம். கடன் இன்று யாருக்குச் சொந்தம் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். ஒப்பந்த மீறல் வழக்கில் உரிமையாளரைச் சேர்க்க வேண்டுமா என்பதை அந்தப் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும் விட அவசரமான ஒன்று இருக்கிறது. வழக்குத் தொடுத்த உடனே ஏலம் நின்றுவிடாது. டெக்சாஸில் ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். நீங்கள் குடியிருக்கும் வீடாக இருந்தால், நிலுவையைச் சரிசெய்ய குறைந்தது 20 நாள் அவகாசம் தரும் அறிவிப்பும், ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் ஏல அறிவிப்பும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இவை இரண்டும் வந்த தேதிகளை உறைகளோடு பாதுகாத்து வையுங்கள். ஏலத்தை நிறுத்த நீதிபதியின் தற்காலிகத் தடையாணை வேண்டும். ரெஸ்பாவின் வசூல் பிரிவு இழப்பீடு தருகிறதே தவிர ஏலத்தைத் தடுக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை என்பதே நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. ஆகவே தடையாணைக்கு ஒப்பந்த மீறல், மாநில அறிவிப்பு விதிகளின் மீறல் போன்ற மாநிலச் சட்டக் காரணங்களைச் சார்ந்திருக்க வேண்டும். டெக்சாஸின் மாநில நீதிமன்றம் எதிர்த்தரப்பைக் கேட்காமல் தரும் தடையாணை 14 நாட்கள் வரையே நிற்கும், ஒருமுறை நீட்டிக்கலாம், பிணைத்தொகை கட்டவும் நேரிடும். நீங்கள் மாநில நீதிமன்றத்தில் தொடுத்தாலும், கூட்டாட்சிச் சட்டம் சம்பந்தப்பட்டது என்றோ, இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவர், தொகை 75,000 டாலருக்கு மேல் என்றோ காரணம் காட்டி, மனுவைப் பெற்ற 30 நாட்களுக்குள் நிறுவனங்கள் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். பெரும்பாலும் மாற்றிக்கொள்கின்றன. அங்கே போனதும் பதற வேண்டாம். விதிப் புத்தகம்தான் மாறுகிறது, உங்கள் தேதிகள் மாறுவதில்லை.

மனுவை எழுதும்போது ஒரு பத்திக்கு ஒரு நிகழ்ச்சி என்று எண்ணிட்டு எழுதுங்கள். கூட்டாட்சி உரிமையியல் விதிகளில் 8-ஆவது விதி கேட்பது சுருக்கமும் தெளிவும்தான். ஆனால் 2007-ல் டுவாம்ப்ளி, 2009-ல் இக்பால் ஆகிய தீர்ப்புகளுக்குப் பிறகு, வெறும் முடிவுரைகளை எழுதினால் மனு தள்ளுபடியாகிவிடும். ‘பிரதிவாதி சட்டவிரோதமாக நடந்துகொண்டார்’ என்பது முடிவுரை. ‘இன்ன தேதியில் இன்ன தொகை இன்ன கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது, இன்ன தேதியிட்ட அறிக்கையில் அது வரவில்லை’ என்பது நிகழ்ச்சி. மோசடி என்ற சொல்லைத் தேவையில்லாமல் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லை எழுதினால், யார், எப்போது, எங்கே, என்ன பொய் சொன்னார் என்று 9-ஆவது விதியின்படி நுணுக்கமாகச் சொல்ல வேண்டிய சுமை உங்கள் மேல் ஏறும். இழப்பையும் எண்ணிக்கையில் காட்டுங்கள்: வாங்கப்பட்ட தாமதக் கட்டணங்கள், மறுக்கப்பட்ட கடன், அதனால் கூடிய வட்டி. சட்டம் தருவது உண்மையான இழப்பைத்தான். நிறுவனம் இதை வழக்கமாகவே செய்கிறது என்று நிரூபித்தால் மட்டும் கூடுதலாக 2,000 டாலர் வரை கிடைக்கலாம்.

தொடுத்த 90 நாட்களுக்குள் ஒவ்வொரு பிரதிவாதிக்கும் மனு முறைப்படி சேர்ப்பிக்கப்பட வேண்டும், அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது; வழக்கில் தரப்பினர் அல்லாத 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்க வேண்டும். அதன் பின் வரப்போவது அநேகமாகத் தள்ளுபடி மனு. அது தோல்வியின் அறிகுறி அல்ல. அது கையில் கிடைத்த 21 நாட்களுக்குள் உங்கள் மனுவை ஒருமுறை, யாருடைய அனுமதியும் இல்லாமல், திருத்திக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எந்தப் பத்தியில் என்ன விவரம் இல்லை என்று வரிவரியாகக் குறித்துக் கொடுத்திருக்கிறார் அல்லவா, அதைப் படித்து அந்த விவரங்களைச் சேர்ப்பதைவிட நல்ல பயன்பாடு அந்த மனுவுக்கு இல்லை.

வெற்றி வாய்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அடமானமே செல்லாது, வீடு எனக்குக் கடனின்றி வேண்டும் என்று கேட்டால், ஏறக்குறைய இல்லை. இரண்டு தவணைகளை வரவு வையுங்கள், அதனால் விளைந்த கட்டணங்களை நீக்குங்கள், கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டால், சமரசத்துக்கே நல்ல இடம் இருக்கிறது.

கேள்வி: வீடு என் பெயரிலும் என் மனைவி பெயரிலும் இருக்கிறது. இருவருக்காகவும் நானே வாதாடலாமா? வாடகைக்கு விட்டிருக்கும் இன்னொரு வீடு எங்கள் எல்எல்சியின் (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தின்) பெயரில் உள்ளது. (ஒரு வாசகர், ஜார்ஜியா)

பதில்: உங்களுக்காக மட்டும் வாதாடலாம். உங்கள் மனைவியும் வாதியாக இருந்தால், மனுவிலும் பின்னர் தாக்கலாகும் ஒவ்வொரு காகிதத்திலும் அவரும் கையெழுத்திட வேண்டும், விசாரணையில் அவருக்காக அவரே பேச வேண்டும். கணவன் மனைவிக்காகவோ, மகன் தாய்க்காகவோ பேசுவது உரிமம் இல்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்வதாகிவிடும். எல்எல்சி விஷயத்தில் வழியே இல்லை: கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிறுவனம் எதுவும் வழக்கறிஞர் மூலமாகத்தான் வர முடியும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993-ல் ரோலண்ட் வழக்கில் உறுதிப்படுத்தியிருக்கிறது, உறுப்பினர் நீங்கள் ஒருவரே என்றாலும் இதுதான் நிலை.

கேள்வி: வங்கி தன் பணத்தைக் கடனாகக் கொடுப்பதே இல்லை, கணக்கில் எண்களை எழுதிப் பணத்தை உருவாக்குகிறது, ஆகவே அடமானம் செல்லாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அசல் புரோநோட்டைக் காட்டச் சொன்னால் வங்கி ஓடிவிடுமாம். 1968-ல் மினசோட்டாவில் இப்படி ஒரு தீர்ப்பே வந்திருக்கிறதாம். என் கடன் ஆவணங்களைத் ‘தடயவியல் தணிக்கை’ செய்து தர ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி, கலிபோர்னியா)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இந்தக் கதை அரை நூற்றாண்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை நம்பிப் பல குடும்பங்கள் சமரசத்துக்குக் கிடைத்த மாதங்களை வீணடித்திருக்கின்றன.

1968 தீர்ப்பு இருந்தது உண்மைதான். மினசோட்டாவின் கிரெடிட் ரிவர் என்ற சிற்றூரில், ஜெரோம் டேலி என்பவர் தன் வீட்டு அடமானத்தை எதிர்த்துத் தானே வாதாடினார். டேலியே ஒரு வழக்கறிஞர் என்பதை இந்தக் கதையைப் பரப்புபவர்கள் சொல்வதில்லை. அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதி ஒருவரின் மன்றம். அத்தகைய மன்றத்தின் தீர்ப்பு வேறெந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. மேல் நீதிமன்றமும் அதை நிற்க விடவில்லை. டேலி பிற்காலத்தில் வழக்கறிஞர் உரிமத்தையே இழந்தார். அதற்குப் பின் இந்த வாதத்தைக் கொண்டுவந்தவர்களை நீதிமன்றங்கள் தொடர்ந்து நிராகரித்து வந்திருக்கின்றன. அற்பமான வாதம் என்று கருதினால், 11-ஆவது விதியின்கீழ் மனுவில் கையெழுத்திட்டவர் மீது நீதிபதி அபராதம் விதிக்கவும் முடியும்; வழக்கறிஞர் இல்லாதவருக்கும் அந்த விதி பொருந்தும்.

ஆனால் பத்திரங்களைப் பற்றிய எல்லா வாதமும் வெற்று வாதம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கடன் என்பது இரண்டு பத்திரங்கள்: கடனைத் திருப்பிக் கட்டுவேன் என்னும் புரோநோட்டு ஒன்று, அதற்கு வீட்டைப் பிணையாக வைக்கும் அடமானப் பத்திரம் இன்னொன்று. புரோநோட்டு எங்கே போகிறதோ அடமானமும் அதன் பின்னே போகும் என்பது 1872-ஆம் ஆண்டின் கார்பென்டர் எதிர் லாங்கன் தீர்ப்பிலிருந்து வரும் கொள்கை. 1995-ல் தொடங்கப்பட்ட மெர்ஸ் என்ற மின்னணுப் பதிவு முறைக்குப் பின், கடன்கள் கைமாறியது ஒவ்வொரு முறையும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் பதியப்படாமல் போனது. 2010-ல், ஏலத்துக்கான ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களில் வீட்டுக் கடன் வசூல் நிறுவனங்களின் ஊழியர்கள் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டது அம்பலமாகி, 2012-ல் அத்தகைய ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் கூட்டாட்சி அரசோடும் சுமார் 25 பில்லியன் டாலர் மதிப்பிலான உடன்பாடு செய்துகொண்டன. 2011-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் இபானெஸ் வழக்கில், ஏலம் நடந்த நேரத்தில் அடமானம் தங்களிடம் இருந்ததைக் காட்ட முடியாத வங்கிகளின் ஏலங்களைச் செல்லாது என்று அறிவித்தது. உங்கள் மாநிலத்திலேயே 2016-ல் இவானோவா வழக்கில், ஏலம் முடிந்தபின் தவறான ஏலம் என்று வழக்குத் தொடுக்கும் கடனாளி, அடமானம் கைமாறிய பத்திரம் அடியோடு செல்லாதது என்று வாதிடலாம் என மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகளில் எதுவும் கடன் இல்லை என்று சொல்லவில்லை. ஏலம் விட்டவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று மட்டுமே கேட்டன. உரியவர் பத்திரங்களைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வரக்கூடும். ஏலத்துக்கு முன்னரே ‘புரோநோட்டைக் காட்டு’ என்று கோரும் வழக்குகளைக் கலிபோர்னியா நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அந்தத் தணிக்கையாளர் பெரும் கட்டணம் வாங்கித் தரப்போகும் ஆவணங்களில் பலவற்றை நீங்களே கவுண்டி பதிவு அலுவலகத்தில் நகலெடுத்துக்கொள்ளலாம். தவிர, அடமானத்திலிருந்து மீட்டுத் தருவதாகச் சொல்பவர், கடன் நிறுவனம் எழுத்தில் தரும் உடன்பாட்டை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை உங்களிடம் பணம் வாங்குவதையே கூட்டாட்சி ஒழுங்குவிதி தடை செய்கிறது. வழக்கறிஞர்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

கேள்வி: கடன் வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு கடிதம் எழுதினால் கடனையே ரத்து செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (ஒரு வாசகர், வாஷிங்டன் மாநிலம்)

பதில்: பாதி உண்மை. 1968-ஆம் ஆண்டின் கடன் விவரச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டின் மீது மறுகடன் வாங்கியவர் 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். தர வேண்டிய விவரப் பத்திரங்களைச் சரியாகத் தராமல் இருந்திருந்தால் அந்த உரிமை 3 ஆண்டு வரை நீளும். அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்தாலே போதும், வழக்கும் தொடுத்திருக்க வேண்டியதில்லை என்று 2015-ல் ஜெசினோஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. வீடு வாங்குவதற்கென்று எடுத்த முதற்கடனுக்கு இந்த உரிமை கிடையாது. பலர் சறுக்குவது இங்கேதான். ரத்தானால் வாங்கிய அசலை நீங்களும் திருப்பித் தர வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: வங்கி எங்கள் மீது மாநில நீதிமன்றத்தில் ஏல வழக்குத் தொடுத்து, அழைப்பாணை வந்து இரண்டு வாரமாகிறது. அதற்குப் பதில் போடாமல், கூட்டாட்சி நீதிமன்றத்தில் வங்கி மீது தனி வழக்குப் போட்டால் அது பெரிதாக எடுபடும் என்று நினைக்கிறேன். சரியா? (ஒரு வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: சரியல்ல, இந்தக் கடிதங்களிலேயே எனக்குக் கவலை தந்தது உங்களுடையதுதான். நியூ ஜெர்சியில் ஏலம் நீதிமன்றத்தின் வழியாகவே நடக்கும். அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 35 நாட்களுக்குள் பதில் மனு போட வேண்டும். போடாவிட்டால் எதிர்ப்பில்லாத வழக்காகக் கருதி வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பு வந்தபின் அதைக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தவறு என்று சொல்ல முடியாது. மாநில நீதிமன்றத் தீர்ப்பின் மேல் முறையீட்டு மன்றமாக அது செயல்படாது என்பதே ரூக்கர்–ஃபெல்ட்மன் கோட்பாடு. சொல்ல வேண்டியதை உரிய காலத்தில் உரிய இடத்தில் சொல்லாதவர் பிறகு வேறிடத்தில் சொல்ல முடியாது என்ற பொது விதியும் குறுக்கே நிற்கும்.

எனவே முதலில் பதில் மனு. வங்கியின் மனுவில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், அறியேன் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். கணக்குப் பிழை, அறிவிப்புக் குறைபாடு போன்ற அந்தக் கடனோடு நேரடித் தொடர்புள்ள எதிர்க்கோரிக்கைகளை அதிலேயே சேர்த்துவிடுங்கள். மாநில நீதித்துறை நடத்தும் சமரசத் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போது, கடனை மாற்றியமைக்கக் கோரும் முழுமையான விண்ணப்பம் வசூல் நிறுவனத்தின் கையில் இருந்தால், பொதுவாக அதன் மீது முடிவெடுக்காமல் நிறுவனம் ஏலத்துக்கான தீர்ப்பைக் கோரக் கூடாது. ‘முழுமையான’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு சம்பளச் சீட்டு குறைந்தாலும் விண்ணப்பம் முழுமையற்றது என்று கடிதம் வரும், அந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்பிய சான்றும் உங்களிடம் இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பிலிருந்து ‘இவற்றை ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று எண்ணிட்ட பட்டியல் வந்தால் அதைக் கிடப்பில் போடாதீர்கள். குறித்த காலத்துக்குள் மறுக்காதவை எல்லாம் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்தக் காலம் 30 நாட்கள். தாமே வாதாடுபவர்கள் நல்ல வழக்கைக்கூட இழப்பது இந்த இடத்தில்தான். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே வழக்கு முடிந்துவிடுகிறது.

கேள்வி: முழு வழக்கறிஞரும் வேண்டாம், முற்றிலும் தனியாகவும் வேண்டாம். இடைவழி இருக்கிறதா? நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு? (ஒரு வாசகர், இல்லினாய்)

பதில்: இருக்கிறது. பல மாநிலங்களில் வழக்கறிஞர்கள் ஒரு பகுதி வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம்: மனுவைப் படித்துத் திருத்துவது, ஒரு விசாரணைக்கு மட்டும் வருவது போன்றவை. முழு வழக்குக்கான முன்பணம் இல்லாதவர், மனுவைத் தாக்கல் செய்யுமுன் ஒரு மணி நேரமாவது இப்படிச் செலவழிப்பது நல்லது. மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஆலோசகர்கள் ஏல நெருக்கடியில் கட்டணம் இல்லாமல் உதவுகிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி அமைப்புகளும், சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களும் உண்டு. உங்கள் வழக்கைப் போன்ற பிற வழக்குகளின் மனுக்களைக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணத்தில் படிக்கலாம். ஒரு காலாண்டில் 30 டாலருக்கு மேற்படாவிட்டால் அதுவும் தள்ளுபடி.

கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணம் 405 டாலர். கட்ட இயலாதவர் வருமான விவரங்களுடன் விலக்குக் கேட்கலாம். ஆனால் விலக்குக் கேட்டவரின் மனுவை, பிரதிவாதிக்கு அனுப்பும் முன்பே நீதிபதி படித்துப் பார்த்து, சட்டப்படி நிற்காது என்று தோன்றினால் அப்போதே தள்ளுபடி செய்ய அதிகாரம் உண்டு. அதனால் விலக்குக் கேட்பவர் ‘பிறகு திருத்திக்கொள்ளலாம்’ என்று அரைகுறை மனுவைத் தாக்கல் செய்ய வேண்டாம். முதல் மனுவிலேயே தேதிகளும் ஆவண நகல்களும் முழுதாக இருக்கட்டும்.